வனத்தி என்று ஒரு சொல்

கை நீட்டி அடிக்கிற பெண்களைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை எழுதிவிடுவதில்லை. நானும் முழுக்க நல்லதாக எழுதப் போவதில்லை. எனக்கே அந்தக் கையால் ஒரு அறை விழுந்திருக்கிறது. வலது காதில் இன்றைக்கும் சாரல் காலத்தில் ஒரு இரைச்சல் கேட்கும். ஆனாலும் இந்தத் தென்காசியில் பொய் பேசாத மனுஷி ஒருத்தியைக் காட்டு என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் அந்த அக்காவைத்தான் காட்டுவேன். பெயர் வேண்டாம். இரண்டு பேர் கூடினால் இன்னமும் அந்தப் பெயரை எடுத்து மெல்லுகிற ஊர் இது. அதற்கு நான் வேறு தீனி போட வேண்டுமா?

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் சித்தப்பாவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. டைப்பிங் வேலை முழுக்க என்னுடையது. காதுகுத்து அழைப்பிதழ், வாடகை ஒப்பந்தம், பயோடேட்டா எல்லாம் வரும். ஆனால் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஆய்வேடுகள்தான். எம்.பில்., பிஎச்.டி. என்று சுற்றுவட்டாரத்தில் யார் எழுதினாலும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வந்து சேரும்.

அக்கா ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர். ஒல்லியான உடம்பு, காட்டன் சேலை, கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். முதல் நாள் வந்தபோது ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். கறுப்புக் கல்லில் மாட்டுத்தலையும் பாதமும் கையுமாகச் சின்னச் சின்ன உருவங்கள் வெட்டியிருந்தன. கடையில் தினமும் பேப்பர் படிக்க வரும் பத்திர எழுத்தர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, கோலமா?"

"கல்வெட்டு. துருக்கியில இருக்கு. பொம்பளைங்கிற சொல்லு இதுல எங்கன வருதுன்னு பாக்கேன்."

"பொம்பளைக்குன்னு ஒரு சொல்லு, அதுக்குன்னு ஒரு படிப்பு. சரிதான்! வீட்டுல சோறு பொங்க யாரு இருக்கா?" என்று சிரித்தார் மனிதர்.

என் மேஜையில் கிடந்த ஸ்டீல் ஸ்கேல் எப்போது அக்கா கைக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. பத்திர எழுத்தரின் புறங்கையில் சுளீர் என்று விழுந்தது. எழுதுகிற கை. விரல் முட்டியில் ரத்தம் துளிர்த்தது. அக்கா ஸ்கேலை எடுத்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டு, "ரெண்டு காப்பி எடும்மா" என்றார். சித்தப்பா ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டபோது, பத்திர எழுத்தர் வாயைத் திறப்பதற்குள் அக்காவே முந்திக்கொண்டு, "நான் அடிச்சேன். எதுக்குன்னு அவரையே கேளுங்க" என்றார். பத்திர எழுத்தர் எதற்கென்று சொல்லாமல் எழுந்து போய்விட்டார். போகிற வழியெல்லாம் கோட்டிக்காரி, பைத்தியக்காரி என்று பரப்பிக்கொண்டே போனார்.

அக்காவிடம் நான் கண்டது இதுதான். கை முந்திவிடும். ஆனால் அடித்ததை ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. வாங்கிய அடியையும் அப்படித்தான். மற்ற பெண்கள் கன்றிப்போன முகத்தோடு வந்தால் பாத்ரூமில் வழுக்கியது, கதவு இடித்தது என்று ஏதாவது சொல்வார்கள். நாமும் நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோம். அக்கா ஒருநாள் கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்து வந்தார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"நேத்து என் வீட்டுக்காரன் அடிச்சான். நானும் அடிச்சேன். அவனுக்கு முதுகுல இருக்கு, சட்டைய களத்துனாத்தான் தெரியும். இருவத்தி மூணாம் பக்கத்துல விட்டோம்லா, அங்கன இருந்து போடு."

வீட்டுக்காரருக்கு இலத்தூரில் பெரிய வீடு. கோயில் கொடை விழாவில் முதல் மரியாதை வாங்குகிற குடும்பம். அக்காவின் லேப்டாப்பை வீட்டுக்காரர் சுவரில் எறிந்து உடைத்த பிறகுதான் அக்கா என் கடைக்கே வந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது. நோட்டில் கையால் எழுதுவார், நான் டைப் செய்வேன். முன்பு ஒரு முறை அவர் மெயிலில் அனுப்பிய கட்டுரையை வேறு யாரோ தன் பெயரில் போட்டுக்கொண்டதிலிருந்து மெயில் என்றாலே ஆகாது. எங்கள் கடையிலும் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஆய்வேடு முடிந்து கையில் கொடுத்துவிட்டால், கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுவோம். அடுத்து வருகிறவன் திருடிவிடக் கூடாது அல்லவா? அழிப்பதை வாடிக்கையாளரின் கண் முன்னால்தான் செய்வோம். அக்காவுக்குக் கடையில் பிடித்ததே அதுதான்.

இறந்துபோன மொழிகளில் பெண்ணுக்கு என்ன சொல் இருந்தது என்பது அவருடைய ஆராய்ச்சி. நாலு அத்தியாயம் முடிந்து கைடு கையில் போய்விட்டது. ஐந்தாவது, கடைசி, லூவியம். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் துருக்கிப் பக்கம் பேசிய மொழியாம். இன்றைக்குப் பேச ஒரு நாக்கு கிடையாது. களிமண் பலகையில் அந்தச் சொல் 'வானா' என்று வரும், கல்லில் 'வனத்தி' என்று வரும் என்று சொல்லிக்கொடுத்தார்.

"இங்கிலீஷ்ல குயீன்னு சொல்லுதோம்லா, அதுவும் இதுவும் ஒரு வயித்துப் பிள்ளைக, ஏட்டி. அங்கன போனவ ராணியாயிட்டா. கல்லுல நின்னவ பொண்டாட்டியாவே நின்னுட்டா."

அதுதான் அவரை அரித்தது. அவர் படித்தவரைக்கும் கல்லில் அந்தச் சொல் வருகிற இடங்களில் எல்லாம் முன்னால் ஒரு ஆண் இருந்தான். இன்னாருடைய வனத்தி, இந்த அரசனுடைய வனத்தி. முன்னால் எவன் பெயரும் இல்லாமல், சொல் தனியாக நிற்கிற ஒரே ஒரு இடம் கிடைத்தால் போதும் என்று அச்செடுத்த படங்களை எல்லாம் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவார். அந்தக் கல்லை நேரில் ஒரு தடவை பார்த்தவர்கூட இல்லை. தென்காசியைத் தாண்டி அதிகம் போனதும் இல்லை.

அரசர்கள் வெட்டிவைத்ததை எனக்குப் படித்துக் காட்டுவார். ஊரை எரித்தேன், கோட்டையை இடித்தேன், எதிரியின் பாதங்களை வெட்டினேன் என்று போகும். நான் காதைப் பொத்திக்கொள்வேன். அக்கா கை முறுக்கைக் கடித்துக்கொண்டே சாவகாசமாகப் படிப்பார்.

"எப்படிக்கா இத ரசிச்சுப் படிக்கிய?"

"ரசிக்கல ஏட்டி. ஆனா பாரு, செஞ்சத மறைக்கல. வெட்டுனேன்னு கல்லுலயே வெட்டி வச்சிட்டான். இங்க உள்ளவன் என்ன செய்யுதான்? கதவச் சாத்திட்டு அடிக்கான். வெளிய வந்து தங்கச்சி நல்லாருக்கியான்னு கேக்கான்."

தமிழ்ச் சங்கம் நடத்துகிற ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவருக்கு எப்படியோ இந்தச் சொல் காதில் விழுந்துவிட்டது. எதிர் டீக்கடையில் வைத்து அக்காவைப் பிடித்துக்கொண்டார். "வனத்துல இருந்தவ வனத்தி! இது தமிழ்தாம்மா! துருக்கிக்காரனுக்கும் நாமதான் குடுத்திருக்கோம். அப்படியே எழுதிரு, பொன்னாட போடுதேன்." அக்கா பொறுமையாக விளக்கினார். ஒலி எப்படி மாறியது, பக்கத்து மொழிகளில் என்ன இருக்கிறது, வனம் என்ற சொல்லுக்கும் இதற்கும் ஏன் ஒட்டு உறவு இல்லை என்றெல்லாம். அண்ணாச்சி கேட்டுவிட்டு, "இருக்கட்டும்மா, நம்மதுன்னே எழுதிரு" என்றார். மறுபடி விளக்கினார். மறுபடியும் அண்ணாச்சி பொன்னாடைக்கே வந்தார். மூன்றாவது முறை விளக்கவில்லை. டம்ளரில் இருந்த டீ அண்ணாச்சியின் வேட்டியில் மடியோடு போய்விட்டது. கொதிக்கக் கொதிக்கப் போட்ட டீ. பாவம், மனிதர் பஸ் ஸ்டாண்டு பார்க்கத் துள்ளினார். ரொம்ப நாளைக்கு எனக்கு அதை நினைத்துச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு, வயசானவர் தொடை வெந்துபோயிருக்குமே என்று சங்கடமாகவும் இருக்கும்.

குற்றாலத்தில் நடந்ததைச் சொன்னால்தான் அவரை முழுதாகச் சொன்னதாகும். ஆனி மாசக் கடைசி, நல்ல சீசன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னையும் ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போனார். பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். தலையைக் கொடுத்தால் யாரோ முதுகில் குத்துகிற மாதிரி தண்ணீர் விழுந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். "இந்த அடி மட்டுந்தான் ஏட்டி ஒடம்புக்கு நல்லது" என்று கத்தியது அருவிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

மேலே பாறை இடுக்கில் ஒருவன் உட்கார்ந்து போனை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தான். நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்ததும் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற பெண்களும் அதையே செய்தார்கள். அக்கா நனைந்த நைட்டியோடு பாறையில் ஏறினார். பாசி வழுக்கி முழங்கால் கிழிந்தது. நிற்கவில்லை. அவன் எழுந்து ஓடுவதற்குள் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். போனைப் பிடுங்கிப் பாறையில் மூன்று தடவை அடித்தார். நாலாவது அடி அவன் மூக்கில். ரத்தம் சட்டை முழுக்க இறங்கியது. அவன் கீழே விழுந்த பிறகும் அவர் விடவில்லை. "யாரு வீட்டுப் பொம்பளைனு படம் எடுத்தலே? சொல்லுலே!" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அவன் "தெரியாதுக்கா, தெரியாதுக்கா" என்று அழுதான். கீழே நின்ற பெண்கள் முதலில் கை தட்டினார்கள். ரத்தத்தைப் பார்த்ததும் கை தட்டு நின்றுவிட்டது.

ஒரு பெண் மேலே ஏறி வந்து, "போதும்மா, செத்துரப் போறான்" என்று அக்காவின் தோளைப் பிடித்து இழுத்தாள். திரும்பின வேகத்தில் அவள் கன்னத்திலும் ஒன்று விழுந்தது. கைக்குழந்தைக்காரி. பேசியது நல்லதுக்குத்தான். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்கு அக்காவின் மேல் வெறுப்பே வந்தது. வீட்டுக்காரர் வீட்டுச் சுவருக்குள் செய்வதை இவர் வெட்டவெளியில் செய்கிறார், வேறென்ன வித்தியாசம் என்று தோன்றியது.

பிறகு கடை வரிசையில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கும்போது அந்தப் பெண் குழந்தையோடு வந்தாள். அக்கா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து நேரே அவள் முன்னால் போய் நின்றார்.

"ஒன்னைய அடிச்சது தப்பு. நீ திருப்பி அடி."

அந்தப் பெண் மிரண்டுபோய் கூட்டத்துக்குள் நுழைந்து ஓடிவிட்டாள். அக்கா அவள் போன திசையையே பார்த்தார். "அடிக்காம போயிட்டா ஏட்டி. இனி இத எங்கன கொண்டு போய் வைக்க?" என்றார். என் வெறுப்பு அப்போது கரைந்ததா என்றால், முழுக்கக் கரையவில்லை. பாதிதான் கரைந்தது.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்த ரகசியத்தைச் சொன்னார். தூத்துக்குடிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை பேசி முடித்திருந்தார். ஹாஸ்டல் வார்டனாக ஒரு அறையும் தருவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த ரசீதோடு வர வேண்டும். பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கடைசித் தேதி அடுத்த மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. "உள்ள இருந்து நான் தாழ்ப்பா போட்டுக்கிடலாம். வெளிய எவனும் தட்ட மாட்டான். அது போதும் எனக்கு." அந்த அறைக்காகத்தான் அந்த அத்தியாயம். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அந்தத் திங்களுக்கு முந்திய வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அக்காவின் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, சந்தனக் கீற்று, கையில் ஒரு பை நிறைய ரம்புட்டான் பழம். குரல் அவ்வளவு மெது.

"தங்கச்சி, அவளுக்கு ஒடம்பு சொகமில்ல. காய்ச்சல். நீங்க எல்லாம் முடிச்சு வச்சிருப்பீங்க, போய் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பிச்சா."

நான் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். ஒரே ஒரு போன். கேட்கத் தோன்றவில்லை. அக்காவின் கண்ணுக்குக் கீழே இருந்த நீலத்தை நான் பார்த்திருக்கிறேன், லேப்டாப் கதை தெரியும், தாழ்ப்பாள் கதை தெரியும். இருந்தும் வாசலில் வந்து நின்றவர் வீட்டுக்காரர். எங்கள் ஊரில் பெண்டாட்டி கொடுத்த துணியைத் தையல்கடையில் வீட்டுக்காரர் வந்து வாங்கினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை அவர் கையில்தான் கொடுப்பார்கள். நானும் கொடுத்தேன். இரண்டு நோட்டு, எடுத்துவைத்த பிரிண்ட், பென் டிரைவ். அதோடு விட்டேனா? நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"அண்ணாச்சி, அக்கா சொன்னபடியே அழிச்சிருதேன், பாத்துக்கிடுங்க."

"எல்லாம் போயிருச்சா?"

"எல்லாம் போயிருச்சு."

"ரொம்ப நல்லது தங்கச்சி" என்றார். ரம்புட்டான் பையை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் அதை உரித்துத் தின்றோம்.

நாலு மணி வாக்கில் அக்கா வந்தார். வலது கையில் ஈரத்துண்டு சுற்றியிருந்தது. தோல் கருகிய வாடை கடைக்குள் நிறைந்தது. பாதி முடி அவிழ்ந்து கிடந்தது. பேனா இல்லை.

"யார்ட்ட குடுத்த?"

"ஒங்க வீட்டுக்காரர்தானக்கா வந்து கேட்டாக..."

இடது கைதான். ஆனால் கடைக்குள் இருந்த எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் அணைந்து போயிற்று. நான் ஜெராக்ஸ் மெஷின் மேல் போய் விழுந்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. சித்தப்பா "ஏய்!" என்று கத்திக்கொண்டு வந்தார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீயும் என்னைய அவன் பொண்டாட்டின்னுதானட்டி பாத்த" என்றார்.

அந்தக் கல்லை வெட்டியவனும் நானும் ஒன்றுதான்.

என்ன நடந்தது என்று துண்டு துண்டாகச் சொன்னார். காலையில் சண்டை. திங்கட்கிழமை போகிறேன், வேலை கிடைத்திருக்கிறது என்று இவரே வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். மறைக்கத் தெரிந்தால்தானே? மத்தியானம் பின்கட்டில் புகை வாடை வந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் வெந்நீர் அடுப்பில் நோட்டும் பிரிண்டும் பென் டிரைவும். கையை உள்ளே விட்டு இழுத்திருக்கிறார். வீட்டுக்காரர் பின்னாலிருந்து அந்தக் கையை அப்படியே அடுப்புக்குள் அமுக்கிப் பிடித்திருக்கிறார். இடது கைக்கு எட்டியது அம்மிக் குழவி. வீட்டுக்காரரின் தோள்பட்டை எலும்பு இரண்டாகப் போய்விட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்க்கா, வாங்க" என்று நான் அழுதேன்.

"திங்கக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கு. ஒக்காரு. டைப் பண்ணு. எல்லாம் எனக்கு மண்டைக்குள்ள இருக்கு."

உட்கார்ந்தேன். காது கொய்ங்ங் என்று இரைந்துகொண்டிருக்க, அவர் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். வானா, வனத்தி, எந்தக் கல், எத்தனையாவது வரி. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. வலி தாங்காதபோது மட்டும் மேஜை விளிம்பைக் கடித்தார். பல் பதிந்த தடம் இன்னும் அதில் இருக்கிறது. ஏழு பக்கம் முடிந்தபோது போலீஸ் வந்தது. வீட்டுக்காரரின் அண்ணன் புகார் கொடுத்திருந்தார்.

ஸ்டேஷனில் அந்த அண்ணனும் மெதுவாகத்தான் பேசினார். "நாங்க மரியாதப்பட்ட குடும்பம் சார். இவ கை நீட்டுறவ. ஊரே சொல்லும். கடைக்காரப் பொண்ணு மொகத்தப் பாருங்க, அதையும் விடல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வலது கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருக்கும். புகார் எழுதும் ரைட்டர் பேனாவைத் திறந்துகொண்டு, "ஏம்மா, இந்தம்மா ஒன்னைய அடிச்சாங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொன்னால் அவர்கள் பேச்சுக்குச் சாட்சி ஒன்று குறையும். எனக்கு வேறு எதுவும் அப்போது செய்யத் தெரியவில்லை.

"இல்ல சார். அடிக்கல. மெஷின்ல இடிச்சிக்கிட்டேன்."

"பொய் சொல்லாத ஏட்டி" என்றார் அக்கா. பெஞ்சில் இருந்து எழுந்து நின்றார். "அடிச்சேன் சார். எழுதுங்க. இவள அடிச்சேன். என் வீட்டுக்காரன அம்மிக் குழவியால அடிச்சேன். ஐந்தருவியில ஒருத்தன் மூக்க ஒடச்சேன், ஒரு பாவப்பட்டவளையும் அடிச்சேன். எல்லாத்தையும் எழுதுங்க."

ரைட்டர் வேகமாக எழுதினார். அண்ணன்காரர் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார்.

"எழுதிட்டீங்களா? இப்ப அவன் அடிச்சத எழுதுங்க. கல்யாணமாகி ரெண்டாம் மாசம் வயித்துல மிதிச்சான். புள்ள கலைஞ்சு போச்சு. அடுத்து..."

பேனா நின்றுவிட்டது. ரைட்டர் அதை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"அதெல்லாம் குடும்பத்துக்குள்ள உள்ளதும்மா. எழுதினா ஒங்களுக்குத்தான் அசிங்கம்."

டீயைக் கொட்டியவர், ஸ்கேலை எடுத்தவர், இதற்கு என்ன செய்வாரோ என்று நான் அவர் இடது கையைப் பார்த்தேன். அன்றைக்கு அவர் கை எழவில்லை. வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தார். தேம்பித் தேம்பி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். எனக்கு அந்த ரைட்டரின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. இந்த மாதிரி ஒரு ஆசை என் உடம்பில் அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

கை சீழ் வைத்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டு வாசலில் ஒரு பெண் போலீஸ் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சித்தப்பா திட்டினார், நமக்கு எதற்கு வம்பு என்றார். நான் கடை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று பகலும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டைப் செய்தேன். சொல் தனியாக நிற்கிற இடம் கிடைக்கவில்லை என்றே அத்தியாயத்தை முடித்தார். கிடைத்தது என்று ஒரு வரி சேர்த்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்று எனக்கே தோன்றியது. அவரிடம் அதைச் சொல்லும் தைரியம் இல்லை.

கடைசியில் நன்றியுரை மிச்சமிருந்தது. எங்கள் கடையில் அதற்கு ஒரு அச்சு வார்ப்பே உண்டு. ஆய்வுக் காலம் முழுவதும் தோள் கொடுத்து ஊக்கமளித்த என் கணவருக்கு என்று ஆரம்பிக்கும். பெயரை மட்டும் மாற்றுவோம். திரையில் அந்த வரி வந்ததும் நான் அவசரமாக அழிக்கப் போனேன்.

"இரு. கணவன்னு ஆரம்பிக்கட்டும்" என்றார் அக்கா. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நான் டைப் செய்தேன்.

'என் கணவர் என் வயிற்றில் மிதித்தார். என் லேப்டாப்பை உடைத்தார். இந்த ஆய்வேட்டின் இறுதி அத்தியாயத்தை எரித்தார். என் வலது கையையும் எரித்தார். நான் அவர் தோள் எலும்பை உடைத்தேன். அந்த அத்தியாயத்தை அவரிடம் எடுத்துக் கொடுத்தது இதைத் தட்டச்சு செய்யும் பெண். அவளையும் அடித்தேன். மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் இதைச் செய்து கொடுத்தவளும் அவளே. அவளுக்கு நன்றி.'

என் விரல் நின்றுவிட்டது. "அக்கா, நான் குடுத்தது இதுல வேணுமா?"

"வேணும். நீ குடுத்ததும் வேணும், நான் அடிச்சதும் வேணும். ஒண்ண எடுத்தா மத்தது பொய்யாயிரும்."

கையெழுத்துப் போட வேண்டிய வலது கை கட்டுக்குள் இருந்தது. இடது கைப் பெருவிரலில் ஸ்டாம்ப் பேடு மையைத் தடவி, பிஎச்.டி. ஆய்வேட்டில் கைநாட்டு வைத்தார். திங்கட்கிழமை காலையில் நான்தான் பஸ் ஏறிப் போனேன். கைடு வீட்டில் இருந்த மற்ற நாலு அத்தியாயத்தையும் வாங்கிச் சேர்த்து, பைண்டிங் செய்து மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் தன் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நன்றியுரைப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும்போது மூன்றரை மணி. நாலு மணியோடு சரி.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க் கைநாட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கேண்டிடேட் வரலையா?"

"ஆஸ்பத்திரியில இருக்காங்க சார்."

"நீங்க யாரு அவங்களுக்கு?"

"டைப் பண்ணுனவ."

"இதெல்லாம் உங்ககிட்ட எப்படிம்மா வாங்குறது? அவங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க."

ஆய்வேட்டைத் திருப்பி வாங்கி, நன்றியுரைப் பக்கத்தை எடுத்து, ஜன்னல் வழியாக அவர் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தேன்.

"படிங்க சார்."

படித்தார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. முடித்துவிட்டுத் தலையைத் தூக்கி என் வலது கன்னத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, ரசீதில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.